முகத்தைக் கையால் வரையுங்கள், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும்

குழந்தைகளின் முகத்தை வரைந்து, அதைக் கணினியில் ஏற்றி முடிப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். காட்பாடி, குடியாத்தம், வாலாஜா, ஆரணி, ஆம்பூர் என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள், படங்களும் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி (காட்பாடியிலிருந்து ஒரு அம்மா): என் மகளுக்கு நாலு வயது. வாட்டர்கலரில் ஒரு பூந்தோட்டம் வரைந்து ஸ்கேன் செய்து, போனில் எடுத்த அவள் படத்தை வெட்டி அதன்மேல் வைத்தேன். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் போஸ்டர் ஒட்டின மாதிரியே நிற்கிறது. எங்கே தப்பு அக்கா?

தோட்டம் அழகாக வந்திருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தப்பு வெளிச்சத்தில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தோட்டத்தில் வெயில் இடது பக்கத்திலிருந்து விழுகிறது, பூக்களின் நிழலெல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் பாப்பாவின் முகத்துக்கு வெளிச்சம் வலது பக்க ஜன்னலிலிருந்து வந்திருக்கிறது. போதாததற்கு மோவாய்க்குக் கீழே லேசாகப் பச்சை அடிக்கிறது. உங்கள் கூடத்துச் சுவர் பச்சையாகத்தான் இருக்கவேண்டும். நம் ஊர் வீடுகளில் பச்சைச் சுவரும் நீலச் சுவரும் சகஜம், அந்த நிறம் பிள்ளைகளின் கன்னத்தில் ஏறிவிடும், நேரில் நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, படத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்போதைக்கு, தோட்டத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள். முகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் திருப்பாதீர்கள். வகிடு மாறும், மச்சம் மாறும், மூக்குத்தி இருந்தால் அது மாறும், வீட்டில் எல்லாரும் "என்னமோ நம்ம பாப்பா மாதிரி இல்லையே" என்பார்கள், காரணம் யாருக்கும் சொல்லத் தெரியாது. அப்புறம் முடியின் ஓரம். கத்தரிக்கோலால் வெட்டியது போல நிற்கிறது. அழிப்பானால் அழிக்காமல் மாஸ்க் (வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைத்துவைக்கும் வசதி) போட்டு மறையுங்கள், அப்போதுதான் தவறினால் திரும்பக் கொண்டுவர முடியும். நெற்றியோரத்துப் பூனைமுடியை விட்டுவிட்டு, மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, பாதி முடி நிறம் பாதி தோட்டத்து நிறமாகப் பத்துப் பதினைந்து இழை இழுத்துவிடுங்கள். கடைசியாக, நீங்கள் தோட்டம் வரைந்த அதே தாளில் வெறும் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, எல்லா லேயருக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பூச்சுகள்) மேலே வைத்து, மல்டிப்ளை, ஓவர்லே என்ற கலக்கும் முறைகளில் ஒன்றில் அடர்த்தியை 20 முதல் 30 சதவீதம் வரை கொடுங்கள். தாளின் சொரசொரப்பு முகத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவாகிவிடும்.

ஆனால் இதெல்லாம் கை வைத்தியம்தான். நான் சொல்லவருவது வேறு. முகத்தையும் வரைந்துவிடுங்கள். தோட்டத்தைக் கணினியில் செய்தாலும் பரவாயில்லை, முகத்தைக் கையால் வரையுங்கள். பார்ப்பவர் கண் முதலில் போகிற இடம் அது, அங்கே ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் அந்தப் பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்பது தெரியவேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு படம் எடுங்கள். காலை ஏழு, ஏழரை மணிக்கு வாசற்படியில் பாப்பாவை உட்கார வைத்து, நீங்களும் தரையில் உட்கார்ந்து, போனை அவள் கண் உயரத்துக்குப் பிடித்து, ஐந்தாறு அடி தள்ளி இருந்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது சுருங்கும். பியூட்டி மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள், அது கன்னத்துக் குழியையும் சேர்த்து வழித்துவிடும்.

கேள்வி (குடியாத்தம், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் ஒரு தம்பி): பத்து வருடமாக இதே தொழில். போட்டோஷாப் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனால் கையில் பிரஷ் பிடித்ததே இல்லை. காதுகுத்துக்கு ஒரு குழந்தையின் படத்தை ஆயில் பெயிண்டிங் ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். "இது பெயிண்டிங் மாதிரியே இல்லையே" என்று திருப்பிவிட்டார்கள். நான் எங்கே தொடங்குவது?

தம்பி, அவர்கள் சொன்னது சரி. ஃபில்டருக்குக் கண்ணும் ஒன்றுதான், சட்டைப் பொத்தானும் ஒன்றுதான். இரண்டின்மேலும் ஒரே மாதிரி இழுப்பு இழுத்துக்கொண்டு போகும். வரைகிறவர் கை அப்படிப் போகாது, நெற்றி உருண்டை என்றால் பிரஷ்ஷும் உருண்டு போகும், கன்னத்தில் தண்ணீர் கூட வைத்துக் கரையவிடும், கண்ணிமையில் மட்டும் நுனியால் ஒரு கோடு போட்டு நிறுத்தும். இந்த வேறுபாடுதான் "பெயிண்டிங் மாதிரி" என்று ஜனங்கள் சொல்வது.

நீங்கள் முதலில் கற்கவேண்டியது நிறமே இல்லை, பிள்ளை முகத்தின் கணக்கு. பெரியவர்கள் முகத்தில் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண் வரும். குழந்தைக்கு அந்தப் பாதிக்கோட்டுக்குக் கீழே வரும், வயது குறையக் குறைய இன்னும் கீழே. நெற்றி பெரிது, மூக்கு சின்னது, தாடை குட்டை. கருவிழியோ இரண்டு மூன்று வயதுக்குள்ளேயே கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவுக்கு வளர்ந்துவிடும், அதனால்தான் சின்ன முகத்தில் கண் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. புதிதாக வரைகிறவர்கள் கண்ணை ஒரு விரற்கடை மேலே வைத்துவிடுவார்கள், மூக்கின் இரண்டு பக்கமும் கோடு போடுவார்கள், சிரிப்புக்கு உதட்டோரத்தில் இன்னொரு கோடு. அவ்வளவுதான், மூன்று வயதுப் பிள்ளைக்கு முப்பது வயது ஆகிவிடும். குழந்தையின் மூக்கில் கோடே கிடையாது. நுனியில் ஒரு சின்ன வெளிச்சம், கீழே இரண்டு மெல்லிய நிழல், தீர்ந்தது.

இதற்கு உங்கள் போட்டோஷாப் அறிவே கைகொடுக்கும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, போஸ்டரைஸில் நாலு நிலைக்குக் கொண்டுவாருங்கள். எங்கே வெளிச்சம், எங்கே நடு நிழல், எங்கே கருநிழல் என்று திட்டுத் திட்டாகத் தெரியும். அதை வெளிறலாக பிரிண்ட் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே நல்ல தாளை வைத்துப் பென்சிலில் இடங்களை மட்டும் குறியுங்கள். டிரேஸ் எடுப்பது தப்பு என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அந்த எண்ணம் இல்லை. இடத்தை டிரேஸ் காட்டும், உருண்டையை உங்கள் கைதான் கொண்டுவரவேண்டும். பிறகு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறம் ஒன்றிலேயே, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, அந்த நாலு நிலையையும் போடுங்கள். ஒரே முகத்தை 20 தடவை. இருபதாவது தாளை முதல் தாளின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வாட்டர்கலர் நமக்காகக் காத்திருக்காது. கன்னத்தில் நிறம் வைத்து ஓரத்தைக் கரைப்பதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். மே மாதத்தில் விடியற்காலையில் உட்காருங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தாளின் பின்பக்கத்தையும் ஸ்பாஞ்சால் நனைத்து, ஈரத்துணி விரித்து அதன்மேல் வைத்து வரையுங்கள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளாக இருந்தால்தான் இதைத் தாங்கும்.

கேள்வி (சத்துவாச்சாரி): என் அக்கா மகனை வரைந்தேன். நல்ல கறுப்பு. வரைந்து முடித்ததும் முகத்தில் சாம்பல் பூசியது போல இருக்கிறது. அக்கா வேறு, "கம்ப்யூட்டரில் கொஞ்சம் கலராக்கிக் கொடேன்" என்கிறாள். என்ன செய்யட்டும்?

சாம்பல் வருவதற்குக் காரணம் வெள்ளையும் கறுப்பும். வெளிச்சத்துக்கு வெள்ளை, நிழலுக்குக் கறுப்பு கலந்திருப்பீர்கள். இரண்டு டியூபையும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், இந்த மூன்றும் போதும். சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும், நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் சூடான நிழல். காது மடல், மூக்கு நுனி, விரல் கணு, இங்கெல்லாம் கொஞ்சம் அலிசரின் சிவப்பு. கறுத்த தோலில் வெளிச்சம் சின்னதாக, பளிச்சென்று விழும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். ஜன்னலோரம் உட்கார்ந்த பையனின் நெற்றியில் வானத்து நீலம் இருக்கும், உற்றுப் பாருங்கள். அந்த இடத்தில் வெள்ளை வைக்காமல் வெளிறிய நீலம் வையுங்கள், முகம் எழுந்து நிற்கும்.

அக்கா கேட்டதைச் செய்யாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தப் படம் இருபது வருடம் சுவரில் இருக்கும், அந்தப் பையன் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவான், தன் நிறத்தை வீட்டில் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்பது ஒருநாள் அவனுக்குப் புரியும். அக்காவுக்கு வேண்டியது முகம் பளிச்சென்று தெரிவது, அதற்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் பின்புலம் வெள்ளை, சட்டையும் வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் எந்த முகமும் இருண்டுதான் தெரியும். முகத்தைத் தொடாமல், பின்புலத்தில் புது லேயர் போட்டு, மல்டிப்ளையில் ஆழ்ந்த பச்சையோ கருநீலமோ கொடுத்துப் பாருங்கள், அதே முகம் விளக்கு ஏற்றியது போல மேலே வரும். அக்காவுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் அழிக்காதீர்கள், அதை வைத்தது அவன் பாட்டியாக இருக்கும்.

கேள்வி (வாலாஜாபேட்டை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்): முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தேன். இப்போது பேரப்பிள்ளைகளை வரைகிறேன். லேயர், மாஸ்க் என்கிறார்களே, இந்த வயதில் எனக்குப் பிடிபடுமா? கை கெட்டுவிடாதா?

ஐயா, வணக்கம். லேயர் உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆம்பூர் பக்கம் மலையம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறதல்லவா, அங்கே எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? பாறைமேல் சாந்து, சாந்தின்மேல் வண்ணம். கீழே இருப்பது மேலே இருப்பதைத் தாங்குகிறது. கணினியில் கூடுதலாக ஒரே ஒரு வசதி, நடுவில் இருக்கும் பூச்சை மட்டும் உருவி எடுத்து மாற்றலாம், மேல் பூச்சு சேதப்படாது. மாஸ்க் என்பது வார்னிஷ் அடிக்கும்போது காகிதத்தை வெட்டி மறைத்துக்கொள்வோமே, அதேதான்.

உங்கள் கை கெடாது, கையால் செய்யவேண்டியதை எல்லாம் நீங்கள் தாளிலேயே முடித்துவிடப் போகிறீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேரனை ஒரு தாளில் வரையுங்கள், பின்புலத்தை வேறு தாளில். தென்னை ஒரு தாள், கோட்டைச் சுவரின் கருங்கல் ஒரு தாள், வெறும் வண்ணத் தீற்றல்கள் நாலைந்து தாள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் ஒரே பேரனை மூன்று விதமாக வைத்துப் பார்க்கலாம், பிடித்ததை முடிவு செய்யலாம். மூலத்தாள்கள் அப்படியே பத்திரமாக இருக்கும்.

ஸ்கேன் 300 டிபிஐக்குக் (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையவேண்டாம், சின்னப் படமென்றால் 600. ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல் வரும், அதே அளவில் அச்சிட அது போதும். ஏ3 தாளானால் இரண்டு பாதியாக, நடுவில் நாலு விரல் இரண்டிலும் வருமாறு, தாளைத் திருப்பாமல் ஒரே திசையில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். திருப்பி வைத்தால் சொரசொரப்பின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, ஒட்டுமிடம் தெரியும். இன்னொன்று, லேசான மஞ்சளையும் கன்னத்து இளஞ்சிவப்பையும் ஸ்கேனர் விழுங்கிவிடும். அதனால் மூலத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, பார்த்துப் பார்த்து நிறத்தை மீட்கவேண்டும், அந்த வேலைக்கு உங்களைப் போலப் பழகிய கண்தான் தேவை.

மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். கிரிட்டா இலவசம், வரைகிறவர்களுக்காகவே செய்தது. கணினியோடு இணைத்துப் பேனாவால் வரைகிற சின்ன அளவு பென் டேப்லெட் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கோப்பை லேயர்களோடு ஒரு பிரதி, ஜேபெக்காக ஒரு பிரதி என்று இரண்டாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் லேயர் தங்காது.

கேள்வி (ராணிப்பேட்டை, கல்லூரி மாணவி): ஒரு ஆப்பில் குழந்தை படத்தைப் போட்டால் அரை நிமிடத்தில் ஓவியமாக வருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

முன்பல் விழுந்த ஒரு பையனின் படத்தைப் போட்டுப் பார்த்தேன், அவன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். வந்த ஓவியத்தில் பல் வரிசை நிறைந்திருந்தது. அந்த ஓட்டைப் பல்லுக்காகத்தான் அவர்கள் படமே கேட்டிருந்தார்கள். இன்னொன்று, அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை எங்கேயோ இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறோம். பெற்றவர்களிடம் கேட்காமல் அதைச் செய்யாதே அம்மா. பின்புலத்துக்கு நிறச் சேர்க்கை யோசிக்க வேண்டுமானால் வைத்துக்கொள், முகத்தைக் கொடுக்காதே.

கேள்வி (ஆரணி): திரையில் அருமையாக இருக்கிறது, பிரிண்ட் எடுத்தால் இருண்டு போகிறது. பாவாடைச் சரிகை காவி நிறமாக வருகிறது. பிரிண்ட்டின் மேலேயே வண்ணம் தீட்டலாமா?

தீட்டலாம், தீட்டவேண்டும் என்றே சொல்வேன். திரை தானே ஒளிவிடுவது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது, அதனால் இந்த வித்தியாசம் எல்லாருக்கும் வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டு அப்புறம் நிறத்தைத் திருத்துங்கள். 12க்கு 18 அங்குலம் அடிப்பதற்கு முன்னால் முகத்தை மட்டும் 4க்கு 6இல் ஒரு சோதனை பிரிண்ட் எடுங்கள். பெரிய பிரிண்ட்டுக்கு 300 டிபிஐ கணக்கில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், போனில் வந்த வாட்ஸ்ஆப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் சரிவராது.

சரிகை பிரிண்ட்டில் வராது. சாதாரண பிரிண்டர் மையில் பொன் நிறம் என்று ஒன்று கிடையாது, மஞ்சளும் பழுப்பும் கலந்து ஏமாற்றத்தான் பார்க்கும். ஆரணிக்காரருக்குப் பட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை, சரிகையை உலோகப் பொன் அக்ரிலிக்கில் கையால் இழுங்கள், விளக்கடியில் தலையைத் திருப்பினால் மின்னும். கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளி, நெற்றியோர முடி இழைகள், இவற்றையும் பிரிண்ட்டின் மேல் கையாலேயே வையுங்கள்.

ஆனால் மை எது என்று தெரியாமல் தொடாதீர்கள். ஒரு பிறந்தநாளுக்காக வரைந்து பிரிண்ட் போட்டு, விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஈரப் பிரஷ்ஷால் கன்னத்தைத் தொட்டேன். சிவப்பு கரைந்து மோவாய்வரை இறங்கியது. பிக்மென்ட் மை என்று கடையில் சொல்லியிருந்தார்கள், இருந்தது தண்ணீரில் கரைகிற டை மை. இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடி செய்தேன். அன்றிலிருந்து பிரிண்ட் கைக்கு வந்ததும் வெள்ளை ஓரத்தை ஒட்டி நிறம் முடிகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்கிறேன். நிறம் ஒட்டிவராவிட்டால்தான் வேலை. மேட் தாளில் அடித்து, அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு தடவை அடித்துக் காயவிட்டு, அதன்மேல் அக்ரிலிக் தீட்டுங்கள்.

கேள்வி (ஆம்பூர், அறுபது வயதைத் தாண்டிய ஒரு வாசகர்): என் தம்பி ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடிச் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது, கீழ்ப்பக்கம் பூச்சி அரித்திருக்கிறது. இதிலிருந்து ஒரு வண்ணப்படம் செய்ய முடியுமா?

முடியும் ஐயா. ஆனால் முதல் வேலை, படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காமல் இருப்பது. ஈரம் ஏறி ஒட்டியிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே படம் பிடிக்கவேண்டும். பகலில் நேர் வெயில் படாத திண்ணையில் சட்டத்தை நிமிர்த்தி வைத்து, எதிரில் ஒரு கறுப்பு வேட்டியையோ போர்வையையோ இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அதன் நடுவிலிருந்து கேமராவை நீட்டி, கோணாமல் நேராக எடுக்கச் சொல்லுங்கள். பிரதிபலிப்பு விழாது. பத்துப் படமாவது எடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் நிறம் தீட்டுவது நம் நாட்டு ஸ்டுடியோக்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த வேலை, கலர் ஃபிலிம் பரவலாக வரும்வரை அது தொடர்ந்தது. நாம் செய்யப்போவதும் அதுதான், ஒரு வித்தியாசம், மூலத்தைத் தொடாமல் நகலின்மேல் தீட்டுவோம். கணினியில் கறையையும் கீறலையும் மட்டும் எடுத்துவிட்டு, மேட் தாளில் வெளிறலாக அச்சிட்டு, முகத்தை நான் வாட்டர்கலரில் வரைகிறேன். அரித்துப்போன கீழ்ப்பகுதியில் கை எப்படி இருந்தது, எதைப் பிடித்திருந்தான் என்று நானாகக் கற்பனை செய்து போடமாட்டேன். பழைய ஸ்டுடியோக்காரர்கள் மார்புக்குக் கீழே படத்தைப் புகை போலக் கரைத்துவிடுவார்கள் இல்லையா, அதே மாதிரி அந்த இடத்தை வண்ணத்தில் கரைத்துவிடலாம்.

அவனுக்கு நிறம் எப்படி, உங்களைப் போலவா, உங்கள் அம்மாவைப் போலவா? முடி சுருட்டையா? படத்தில் கட்டம் போட்ட சட்டை தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன நிறம் என்று உங்கள் அக்காவிடம் கேட்டு எழுதுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.